பூ வச்சாச்சா

எலியின் மூக்கில் சொட்டு விட்டாயிற்று, இனிக் காத்திருக்க வேண்டியதுதான். மயக்கத்தில் மல்லாந்து கிடக்கிறது, மீசை மட்டும் லேசாகத் துடிக்கிறது, அரை மணிக்கொரு தரம் ஜெசிந்தா அதன் வால் நுனியிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்து எண்ணைச் சொல்வாள், நான் எழுதிக்கொள்வேன், நடுவில் எனக்கு வேலை கிடையாது. ஏசி உறுமுகிறது. எலிகளுக்காகப் போட்ட ஏசி, எங்களுக்காக இல்லை, கரண்ட் போனால் கல்லூரியில் முதலில் ஜெனரேட்டர் ஓடுவதும் எலிகளுக்குத்தான், இதைச் சொல்லிச் சொல்லி நான் பொருமாத நாளில்லை. இன்றைக்கு அந்தப் பொருமல்கூட இல்லை. மனசு லேசாக இருக்கிறது. இந்த எலிகளை வைத்துக்கொண்டு நான் செய்வதெல்லாம் ஒரே ஒரு வாசலைத் திறக்கும் வேலை. இன்சுலின் பெரிய உருப்படி. மூக்கின் உள்தோல் ஈரமாய் மெல்லிசாய்த்தான் இருக்கிறது, ஆனாலும் அதை உள்ளே விடாது, தனியாகப் போனால் வாசலிலேயே நின்று வழிந்து தொண்டைக்குள் இறங்கி வீணாகப் போகும். வயிற்றுக்குப் போனாலோ சாப்பாட்டோடு சாப்பாடாகச் செரித்துவிடும். அதனால்தான் ஊசி. அதனால்தான் நாங்கள் இன்சுலினோடு ஒரு சின்னப் புரதத் துண்டைக் கலந்து அனுப்புகிறோம், செல்லைக் கிழிக்காமல் உள்ளே நுழையத் தெரிந்த துண்டு. இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டாம், கலந்தாலே போதும், இது நுழையும்போது அதையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஜெசிந்தா அதற்குத் தம்பி என்று பேர் வைத்திருக்கிறாள். எங்க வீட்டில் என்னைத் தனியாக சினிமாவுக்கு விட மாட்டார்கள் மேடம், தம்பி கூட வந்தால் விட்டுவிடுவார்கள் என்று அவள் சேர்ந்த வருஷம் சொன்னாள், அதிலிருந்து குளிர்பெட்டியில் சீசாவின் மேலேயே தம்பி என்றுதான் எழுதியிருக்கும். பார்வையிட வந்த ஒரு பெரிய மனிதர், யாருடைய தம்பி என்று கேட்டார். ஜெசிந்தா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். நானும் சிரித்தேன், அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் பெண் தேனுவிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள்.

தேனுவின் புகுந்த வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் இந்த லேசு. காலையில் அவள் மாமியார் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள், நான்தான் பூ வச்சு விடறேன் என்று. கல்யாணமான இந்த இரண்டு மாசமாக நெஞ்சில் கிடந்த கல்லை ஒரு வார்த்தையில் தூக்கிப் போட்டுவிட்டாள், புண்ணியவதி. பூ வைப்பது என்றால் எங்கள் வீட்டில் ஊசி போடுவது. தேன்மொழிக்கு எட்டு வயதில் சர்க்கரை வந்தது, குழந்தைகளுக்கு வருமே, கணையம் ஒரேயடியாகக் கையை விரித்துவிடும் ரகம், ஊசி இல்லாமல் ஒரு நாள் தள்ள முடியாது. முதல் முறை என் வீட்டுக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொள்ள நான் போட்டேன், அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூ வைக்கிறப்போ கொண்டை ஊசி குத்துமே அவ்வளவுதாம்மா என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். எட்டு வயது. அன்றிலிருந்து அது பூ. கல்யாண வீடுகளில், பஸ்ஸில், பள்ளிக்கூடத்து வாசலில், நாலு பேர் நடுவில் நான் உரக்கக் கேட்பேன், தேனு, பூ வச்சாச்சா. அவள் தலையைத் தொட்டுக் காட்டிவிட்டு, வச்சாச்சும்மா என்பாள், அல்லது நாக்கைக் கடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடுவாள். பக்கத்தில் இருப்பவர்கள், இந்தக் காலத்தில் எந்தப் பெண் பூ வைத்துக்கொள்கிறது, உங்கள் பெண் வைத்துக்கொள்கிறதே என்று மெச்சுவார்கள். எனக்கும் அவளுக்கும் அதில் ஒரு கள்ளச் சிரிப்பு. தமிழ் வாத்தியாரான அவர் ஆசையாக வைத்த பேர் தேன்மொழி, பேரிலும் தேன் ரத்தத்திலும் தேன் என்று அவளே தன்னைக் கேலி செய்துகொள்வாள், நாங்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம். பெண் பார்க்க வந்தவர்களிடம் மறைக்கக் கூடாது என்றுதான் முதலில் இருந்தோம். முதல் இடம், கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று போனது போனதுதான். இரண்டாவது இடத்தில், குழந்தை பிறக்குமா என்று அவளையே கேட்டார்கள், கூடத்தில் வைத்து, அவள் முகத்தைப் பார்த்து. மூன்றாவது இடத்தில் பையனின் அம்மா பாதி கேசரியைத் தட்டில் அப்படியே வைத்துவிட்டாள், தொற்றிக்கொள்ளும் வியாதி போல. நாலாவதாகப் புதுக்கோட்டையிலிருந்து கோகுலகண்ணன் வீடு வந்தபோது தேனுதான் சொன்னாள், இந்தத் தடவை வேணாம்மா, நான் பாத்துக்கறேன். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவர் எழுந்து போய் வாசல் கதவின் திண்டுக்கல் பூட்டைத் திறந்து திறந்து பூட்டிக்கொண்டிருந்தார். நான் சரி என்றேன். ரொம்ப நாளா ஒளிக்கப் போறோம், உன்னோட சொட்டு மருந்து வந்துடும்ல என்றாள், சளின்னு சொல்லி மூக்கில் விட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்றாள். எலிக்கும் மனிதனுக்கும் நடுவில் எத்தனை வருஷம் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாதா. வந்துடும்டி என்றேன். வேறு என்ன சொல்ல.

ஜெசிந்தா எண் சொல்கிறாள், முன்னூற்றுப் பதினெட்டு. நானூறுக்கு மேலிருந்து ஆரம்பித்தது. இறங்குகிறது. எழுதினேன். தம்பி வேலை செய்கிறான் மேடம் என்கிறாள், அவசரப்படாதே என்கிறேன், ஆனால் எனக்கும் உள்ளே ஒரு துள்ளல். தேனுவிடம் சொல்ல வேண்டும். சாயங்காலம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், இனி அவள் புடவைக் கொசுவத்துக்குள் பேசுவது போல கிசுகிசுக்க வேண்டாம், அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே பேசலாம். எப்போது சொன்னாள் மாமியாரிடம். எப்படிச் சொல்லியிருப்பாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். கேட்காதது நல்லதுதான், கேட்டிருந்தால் நான் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றிருப்பேன். கமலவேணி அம்மாள் நல்ல மாதிரி என்று நிச்சயத்தன்றே எனக்குப் பட்டது, வந்தவுடன் சமையலறைக்குள் வந்து அப்பளம் பொரிக்கக் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டவள். புருஷன் நாலு வருஷம் முன்னால் மாரடைப்பில் போய்விட்டார், ஒரே பையன், அவனும் இந்த வாரம் வேலையாக ஓசூர் போயிருக்கிறான், வீட்டில் மாமியாரும் மருமகளும்தான். காலையில் பதினொரு மணி வாக்கில் எலி அறை வாசலில் ஒரு கையில் மட்டும் கையுறையோடு நின்றுகொண்டு தேனுவைக் கூப்பிட்டேன், அந்த அம்மாள்தான் எடுத்தாள். படுத்திருக்கா சம்பந்தி, எழுப்பட்டுமா என்றாள். வேணாம் என்றேன், உள்ளேயிருந்து ஜெசிந்தா மயக்க மருந்து போட்டாச்சு மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், எலி விழித்துக்கொள்ளும். பழக்க தோஷத்தில் வாயில் வந்துவிட்டது, எந்திரிச்சதும் பூ வச்சாச்சான்னு நான் கேட்டேன்னு சொல்லுங்க. அந்த அம்மாள் சிரித்தாள். "அதை எதுக்கு அவளைக் கேக்கணும், நான்தானே தினமும் வச்சு விடறேன். எங்க வீட்டுக்கு வந்த பொண்ணு சம்பந்தி, இதைக்கூட நாங்க பாத்துக்க மாட்டோமா."   தினமும். மாமியார் கையால். வேறு ஏதோ கூடச் சொன்னாள், இரண்டு மூன்று விஷயம் சொன்னாள், என் காதில் அந்த ஒன்றுதான் நின்றது. வாந்தி, ஆமாம், வாந்தி என்றாள், முந்தாநாளிலிருந்து வாந்தி, எதுவும் தங்கவில்லை, நல்ல சேதிதான்னு நினைக்கிறேன் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். பேரன் பேத்தி. கேட்டாளே அன்றைக்கு ஒருத்தி, குழந்தை பிறக்குமா என்று. பிறக்கும். நல்ல டாக்டராகப் பார்க்க வேண்டும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டால் ஒரு பயமும் இல்லை, எத்தனை பேர் பெற்றுக்கொள்ளவில்லை. கட்டுக்குள் வைத்துக்கொண்டால். மாமியார்தான் கூடவே இருந்து போட்டு விடுகிறாளே, என்னை விட ஒழுங்காகப் போடுவாள் போலிருக்கிறது, எனக்கு இப்போது அந்த அம்மாள் மேல் கொஞ்சம் பொறாமைகூட வருகிறது, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து ஊசி போடுவது என் வேலையாக இருந்தது. எலிகளுக்கு வாந்தி வராது. விசித்திரமான பிராணி, எதைத் தின்றாலும் வெளியே தள்ள முடியாது, அதனால் எங்கள் தாள்களில் வாந்தி என்று ஒரு கட்டமே கிடையாது. எடை உண்டு, குடித்த தண்ணீர் உண்டு, ரோமம் சிலிர்த்திருக்கிறதா உண்டு. வாந்தி கிடையாது.

குடித்த தண்ணீர். சர்க்கரை எலிகளின் கூண்டில் போத்தல் காலையில் வைத்தால் மத்தியானம் காலி, உமி நனைந்து சொதசொதவென்று கிடக்கும், மாற்றி மாற்றி ஜெசிந்தாவுக்குக் கை மரத்துப் போகும். அந்த அம்மாள் தண்ணீர் பற்றியும் என்னமோ சொன்னாள். சொம்பு சொம்பா தண்ணி குடிக்கிறா, வெயில் அப்படி என்றாள். வெயில்தான். புதுக்கோட்டை வெயிலைக் கேட்க வேண்டுமா, சித்திரையில் கல்லுப் பூமி கொதிக்கும். தேனு மருந்தை எங்கே வைத்திருக்கிறாள். கல்யாணத்துக்கு மறுவாரம் கேட்டேன், பீரோவில் புடவைக்கு நடுவிலம்மா, ஃப்ரிட்ஜில் வைத்தால் அத்தை பார்த்துவிடுவார்கள் என்றாள். பீரோவா என்று அலறினேன். வெயில் வருவதற்குள் ஏதாவது வழி செய்கிறேன் என்றாள். இன்சுலினும் புரதம்தானே, முட்டையின் வெள்ளை போலத்தான், சூட்டில் கெட்டுப் போகும், கெட்டது சில சமயம் வெளியே தெரியவும் தெரியாது. இங்கே நாங்கள் கலவை தயார் செய்யும் காலைகளில் முதல் கேள்வியே, கலங்கலையே ஜெசிந்தா. தம்பி கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கண்ணாடிக் குப்பியில் பால் ஊற்றியது போலக் கலங்கிவிடும், கலங்கினால் யோசிக்காமல் கொட்ட வேண்டும், அதுதான் எங்கள் சட்டம். கலங்கியதைப் போட்டாலும் ஊசி போட்ட மாதிரிதான் இருக்கும், குத்தும், வலிக்கும், உள்ளே ஒன்றும் நடக்காது. ஆனால் இப்போது என்ன, இப்போதுதான் தெரிந்துவிட்டதே, ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும், அந்த அம்மாளே எடுத்து வைத்திருப்பாள். இருநூற்று நாற்பது என்கிறாள் ஜெசிந்தா. இவ்வளவு வேகமாக இதுவரை இறங்கியதில்லை. அவள் கண்கள் மினுங்குகின்றன, மூன்று வருஷம் இதற்காக விரலெல்லாம் எலிக்கடி வாங்கியிருக்கிறாள். நான் எழுதுகிறேன். எழுதும்போது ஒன்று இடறுகிறது. தேனு ஒரு நாளைக்கு நாலு தரம் போட்டுக்கொள்ள வேண்டும். காலையில வச்சு விட்டேன் என்றாளா, தினமும் வச்சு விடறேன் என்றாளா. தினமும். தினமும் என்றால் எல்லா வேளையும் என்று அர்த்தம் ஆகாதா. ஆகலாம். தேனு சொல்லியிருந்தால் எனக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்க மாட்டாளா, இவ்வளவு பெரிய விஷயம், ஒரு பூ படமாவது அனுப்பியிருப்பாளே. முந்தாநாளிலிருந்து அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்பு முடியவில்லை, அதனால் வரவில்லை. அந்த அம்மாள் பூ என்றுதான் சொன்னாள், ஊசி என்று சொல்லவில்லை. நான் பூ என்று கேட்டேன், அவளும் பூ என்றாள். தேனு அந்த வார்த்தையையும் சேர்த்துத்தான் சொல்லிக் கொடுத்திருப்பாள், எங்க அம்மா இப்படித்தான் கேப்பாங்க அத்தை என்று. அப்படித்தான். இல்லாவிட்டால் அந்த அம்மாள் ஏன் குரலில் அத்தனை கரிசனமாக, இதைக்கூட நாங்க பாத்துக்க மாட்டோமா என்று சொல்ல வேண்டும். வேறு எதற்குச் சொல்வாள். போதும். எதையும் நம்ப மாட்டேன் என்கிறது இந்தப் பாழும் மனசு, இருபது வருஷம் ஒவ்வொரு எண்ணையும் மூன்று முறை சரிபார்த்துச் சரிபார்த்து எனக்கு நல்லதைக்கூட நல்லது என்று எடுத்துக்கொள்ளத் தெரியாமல் போய்விட்டது.

ஜெசிந்தா காத்திருக்கும் நேரத்தில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவுகிறாள். அசிட்டோன் சீசாவைத் திறக்கிறாள். அந்த வாசனை மேசைக்கு மேல் நகர்ந்து வருகிறது, தித்திப்பாக, அழுகத் தொடங்கிய பழம் போல, நகப்பூச்சுக் கடை போல. தினமும் முகர்கிற வாசனைதான். எட்டு வயதில் தேனு அன்றைக்கு என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள், இரண்டு நாள் வாந்தி, தெருமுனை டாக்டர் அஜீரணம் என்று மருந்து கொடுத்திருந்தார், சொம்பைக் கீழே வைக்காமல் தண்ணீர் குடித்தாள், ராத்திரி முழுக்கப் பாத்ரூம், நான் குனிந்து அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தபோது அவள் மூச்சு அடித்தது, லேபிலிருந்து அப்போதுதான் வந்த என் சேலை நாறுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். சேலையை முகர்ந்து பார்த்தேன். சேலை இல்லை. குழந்தையின் வாயிலிருந்து வந்தது. சர்க்கரையை எரிக்க முடியாத உடம்பு கொழுப்பை எரித்து எரித்து ரத்தத்தை அமிலமாக்கிக்கொண்டிருக்கிற வாசனை. அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினார். இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தால் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். பழ வாசனை. காலையில் போனில் அந்த அம்மாள் பழ வாசனை என்று ஒன்று சொன்னாள். என்ன சொன்னாள். ஜெசிந்தா எலி விழிச்சுக்கும் மேடம் என்று கத்திக்கொண்டிருந்தாள், நான் உறையை இழுத்துக்கொண்டிருந்தேன், போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்தது, அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள், ஜூஸ் மட்டும்தான் கேக்கறா சம்பந்தி, நேத்துலேர்ந்து நாலு தரம் சாத்துக்குடி பிழிஞ்சு கொடுத்தேன், தெம்பா இருக்கட்டும்னு தேன் விட்டுக் கொடுத்தேன், வாயெல்லாம் பழ வாசனையா மணக்குது உங்க பொண்ணுக்கு. தேன் விட்டு. தேன் விட்டுக் கொடுத்தேன். ஊசி போடுகிற கை தேன் விட்டுக் கொடுக்காது. சர்க்கரை என்று தெரிந்தவர்கள் யாரும் சாத்துக்குடியில் தேன் விட மாட்டார்கள், எந்த ஊரிலும் மாட்டார்கள். அந்த அம்மாளுக்குத் தெரியாது. அவள் சொன்னது பூ. வெறும் பூ. மல்லிகைப் பூ.

எழுந்தபோது நாற்காலி சாய்ந்து விழுந்தது. ஜெசிந்தா என்ன மேடம் என்றாள். அவளுக்குப் பதில் சொன்னேனா என்று தெரியவில்லை, வராந்தாவில் நின்று போனை அழுத்திக்கொண்டிருந்தேன், அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, கோயிலுக்குப் போயிருப்பாள், தூங்குவாள், எடு, எடுடி தாயே, எடுத்தாள். மத்தியானத் தூக்கக் குரல். தேனு எங்கே என்றேன். தூங்குகிறாள், சாப்பிடக்கூட எழுப்பவில்லை, மசக்கை என்றால் அப்படித்தான் அசத்தும் என்றாள். காலையில் பூ வச்சு விடறேன் என்றீர்களே என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "ஆமா சம்பந்தி, மல்லிகை. குளிக்காட்டியும் பரவால்ல, நெத்தி நெறைய பொட்டும் தலை நெறைய பூவுமா இருக்கட்டும்னு வச்சேன். இப்பவும் தலையிலதான் இருக்கு." எழுப்புங்கள் என்றேன். செருப்புச் சத்தம், கதவு, தேனு, ஏ தேனு, அம்மா பேசறாங்க பாரு. தேனு. கொஞ்ச நேரம் அந்தப் பேர் மட்டும் கேட்டது, ஒவ்வொரு தரமும் கொஞ்சம் சத்தமாக. பிறகு அந்த அம்மாள் போனுக்கு வந்தாள், கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறாள், மூச்சு மட்டும் பெரிசு பெரிசாக வாங்குகிறது என்றாள். எனக்குத் தெரியும் அந்த மூச்சு. வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பதினாறு வருஷமாகக் கல்யாணப் பேச்சில் தவிர வெளியாள் யாரிடமும் சொல்லியறியாத வார்த்தை, சொன்னேன். "அவளுக்கு சர்க்கரை, சம்பந்தி. எட்டு வயசுலேர்ந்து. தினமும் இன்சுலின் ஊசி போட்டாத்தான் உயிர். உங்ககிட்ட மறைச்சுட்டோம். இப்பவே நூத்தியெட்டைக் கூப்பிடுங்க, சர்க்கரை ஏறி மயக்கம்னு சொல்லுங்க, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, ஒரு சொட்டு ஜூஸ்கூட."  திட்டட்டும், ஏமாற்றிவிட்டீர்களே என்று ஊரைக் கூட்டட்டும், பெண்ணைத் திருப்பி அனுப்பட்டும், எல்லாவற்றுக்கும் நான் தயாராக நின்றேன். போன் வைக்கும் சத்தம்தான் கேட்டது. கைப்பையை எடுக்க உள்ளே ஓடினேன். ஜெசிந்தா கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் முகம் பூரித்துக் கிடந்தது, மேடம் நூற்றுப் பத்து மேடம், சாதாரண எலி மாதிரி ஆகிவிட்டது மேடம் என்றாள். உள்ளே போய்விட்டது. இத்தனை வருஷம் அடைத்துக்கொண்டிருந்த வாசலில் நுழைந்து உள்ளே போய்விட்டது. நீ எழுதிக்கோ என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஆட்டோவில் அவருக்குச் சொன்னேன், மாப்பிள்ளைக்குச் சொன்னேன், இருவரும் சொன்னதில் ஒரு சொல்லும் மனசில் நிற்கவில்லை. புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறி நின்றுகொண்டிருந்தபோது கமலவேணி அம்மாள் கூப்பிட்டாள். ஆம்புலன்ஸில் இருக்கிறோம் என்றாள், மூச்சு வாங்கியது அவளுக்கும். எதிர்வீட்டுப் பையன்கள் தூக்கி வந்தார்களாம். சலைன் ஏற்றியிருக்கிறார்களாம், சர்க்கரை எவ்வளவு என்று கருவியே காட்ட மாட்டேன் என்கிறதாம், அவ்வளவு மேலே. மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கும் சர்க்கரைதான் சம்பந்தி. மாரடைப்புன்னு உங்ககிட்ட சொன்னோமே, சர்க்கரையில கால் போயி, கிட்னி போயித்தான் போனார். அப்பனுக்கு இப்படின்னா பொண்ணு குடுக்க யோசிப்பாங்கன்னு நாங்களும் மறைச்சோம்." வண்டிக்காரரிடம் சீக்கிரம் போப்பா என்றாள், திரும்பப் போனுக்கு வந்தாள். "ஆறு வருஷம் அவருக்கு நான்தான் ஊசி போட்டேன், இந்தக் கையால. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவளுக்கும் போட்டு விட்டிருப்பேனே. எனக்கு அது ஒரு வேலையா." நான் பஸ் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன், பக்கத்தில் இருந்தவர் எழுந்து எனக்கு இடம் விட்டார், உட்காரத் தோன்றவில்லை. அவள் போனை அணைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது, மடியிலேயே வைத்திருந்தாள். வண்டியின் ஊளை, யாரோ ஆண் குரல் என்னமோ கேட்பது, அதற்கு நடுவில் அவள் என் பெண்ணிடம் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. "தேனு, இங்க பாரும்மா. அத்தைக்குத் தெரிஞ்சு போச்சு. அத்தை கோவிச்சுக்கலை. இனிமே எதையும் ஒளிக்க வேணாம், கண்ணைத் தொற. அத்தைக்குத் தெரிஞ்சு போச்சுடி." மறுபடியும் மறுபடியும் அதையே சொன்னாள். பஸ் கீரனூர் தாண்டுகிற வரைக்கும் போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டேன், தேனுவின் குரல் மட்டும் வரவில்லை.